பட்டனை அழுத்தினா 'டக்' சத்தம் மட்டும் வருதா? செல்ஃப் மோட்டாரை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்க!

இரவு ஒன்பதரை மணி. பத்து மணி ஷிஃப்ட்டுக்குக் கிளம்பணும். ரூமிலிருந்து ஒரகடம் ஐந்து கிலோமீட்டர். ஹெல்மெட்டை மாட்டி, சாவியைத் திருப்பி, பட்டனை அழுத்தினா... 'டக்'. மறுபடி அழுத்தினா மறுபடி அதே 'டக்'. சரி, கிக்கரை உதைக்கலாம்னு காலை நீட்டினா, இந்த வண்டியில கிக்கரே கிடையாது. கம்பெனி பஸ்ஸும் ஸ்டாப்பைத் தாண்டிப் போயாச்சு.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால் பக்கம் வேலைக்குப் போகிற பலருக்கும் இந்த அனுபவம் ஒரு முறையாவது இருந்திருக்கும். மறுநாள் வண்டியைக் கடைக்குத் தள்ளிட்டுப் போனா, சில இடங்களில் பார்க்காமலே "செல்ஃப் மோட்டார் போச்சு, மாத்திடலாம்" என்று சொல்லிவிடுவார்கள். ஒரு நாள் சம்பளம் போச்சு, மோட்டாருக்கும் பணம் கட்டியாச்சு. பத்து நாள் கழித்து மறுபடி அதே 'டக்' கேட்டா எப்படி இருக்கும்?

உண்மையில், பட்டனை அழுத்தியும் வண்டி எடுக்காததற்குப் பெரும்பாலும் காரணம் மோட்டார் இல்லை. பேட்டரி, டெர்மினல், ஃபியூஸ், சுவிட்ச், ரிலே என்று மோட்டாருக்கு முன்னால் ஒரு வரிசையே இருக்கிறது. செலவு குறைந்ததில் ஆரம்பித்து, செலவு அதிகமானதைக் கடைசியில் பார்ப்பதுதான் சரியான வழி. அதை எப்படிச் செய்வது? படிப்படியாகப் பார்க்கலாம்.

பைக் தயாராகும் ஊரில்...

முதலில் ஒரு சின்ன அறிமுகம். இந்தியாவில் 1955-ல் சென்னை திருவொற்றியூரில் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு, 2013-ல் ஒரகடத்திலும், பிறகு வல்லம் வடகாலிலும் ஆலைகளைத் திறந்தது. அதே வல்லம் வடகாலில் யமஹாவின் ஆலை 2015-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஹூண்டாய், ரெனோ, டைம்லர் என கார், லாரி ஆலைகளும் இதே சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கின்றன. வாகனங்களுக்கான ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தயாரிக்கும் லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் சென்னை பாடியில் 1961 முதல் இயங்கி வருகிறது.

இங்கே தயாராகும் வண்டிகள் உலகம் முழுக்கப் போகின்றன. ஆனா அதைத் தயாரிக்கிறவங்க வீட்டு வண்டி நின்னா, அவங்களும் தள்ளிட்டுத்தான் போகணும்!

இன்னொரு விஷயம், கிக்கர் மெல்ல மெல்லக் காணாமல் போகிறது. 2020 நவம்பரில் வந்த மீட்டியார் 350-ல் கிக்கர் கிடையாது. 2021-ல் வந்த புதிய கிளாசிக் 350, 2022-ல் வந்த ஹன்ட்டர் 350, 2023-ல் வந்த புதிய புல்லட் 350 எதிலும் கிடையாது. ஒரு காலத்தில் புல்லட் என்றாலே கிக்கர்தான் நினைவுக்கு வரும். இப்போ பட்டன் வேலை செய்யலைன்னா வேற வழி குறைவு. அதனால்தான் இந்தச் சின்ன மோட்டாரைப் பற்றித் தெரிஞ்சு வைப்பது அவசியம்.

செல்ஃப் எப்படி வேலை செய்கிறது?

நாம் 'செல்ஃப்' என்று சொல்வது 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்பதன் சுருக்கம். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர், 1912-ம் ஆண்டு கேடிலாக் காரில் வந்தது. அதற்கு முன் காரின் முன்னால் நின்று, இரும்புக் கம்பியை மாட்டிக் கையால் சுற்ற வேண்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் கை உடையும்.

கெட்டரிங் அதற்கு முன்பு கடைகளில் வைக்கும் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மோட்டார் செய்தவர். கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை, சில நொடி ஓடினால் போதும். அப்படிச் சில நொடி மட்டும் ஓடுவதாக இருந்தால், சின்ன மோட்டாரிடமே பெரிய வேலை வாங்கலாம். காரிலும் அதே யோசனைதான் கைகொடுத்தது.

இன்றைக்கும் உங்க பைக்கில் இருப்பது அதே தத்துவம்தான். சில நொடி வேலைக்காகச் செய்யப்பட்ட மோட்டார் அது. அதை அரை நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடித்தால் சூடேறிக் கருகத்தான் செய்யும்.

பைக்கில் இரண்டு மின்பாதைகள் இருக்கின்றன.

ஒன்று, பெரிய பாதை: பேட்டரி, ரிலே, தடித்த வயர், மோட்டார். ஹெட்லைட்டுக்குப் போவதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இதில் ஓடும்.

இரண்டு, சின்னப் பாதை: சாவி, கில் சுவிட்ச், கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், ஸ்டார்ட் பட்டன். இவை எல்லாம் 'ஓகே' சொன்னால்தான் ரிலேவுக்கு உத்தரவு போகும். ரிலே 'டக்' என்று ஒட்டிக்கொண்டு பெரிய பாதையைத் திறந்துவிடும்.

மோட்டார் சுற்றினால், பல் சக்கரங்கள் வழியாக எஞ்சினின் கிராங்க்கும் சுற்றும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மோட்டாரை அது இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க, நடுவில் ஒன்வே கிளட்ச் ஒன்று இருக்கிறது.

ஆக, அந்த 'டக்' சத்தம் பெரும்பாலும் மோட்டாரில் இருந்து வருவதில்லை. அது ரிலேவின் சத்தம். சின்னப் பாதை சரியாக இருக்கிறது, சிக்கல் பெரிய பாதையில் என்று அது உங்களுக்குச் சொல்கிறது.

சத்தமே பாதி நோயைச் சொல்லிவிடும்!

சாவியை ஆன் செய்து, வண்டியை நியூட்ரலில் வைத்து, பட்டனை இரண்டு நொடி மட்டும் அழுத்துங்கள். காதைத் தீட்டிக் கேளுங்கள். மீட்டரில் இருக்கும் நியூட்ரல் லைட்டையும் கவனியுங்கள்.

1. சத்தமும் இல்லை, லைட்டும் இல்லை: பேட்டரி முழுசா இறங்கியிருக்கலாம், டெர்மினல் கழன்றிருக்கலாம், அல்லது மெயின் ஃபியூஸ் போயிருக்கலாம். மோட்டாரைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

2. லைட், ஹாரன் நல்லா இருக்கு, பட்டனுக்கு மட்டும் பதிலே இல்லை: சின்னப் பாதையில் கோளாறு. கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு, நியூட்ரல், பட்டன், ரிலே காயில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

3. 'டகடகடக' என்று வேகமாகச் சத்தம், லைட்டும் மங்குது: பேட்டரி பலவீனம் அல்லது டெர்மினல் லூஸ். அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான்.

4. ஒரே ஒரு 'டக்', லைட் மங்கவில்லை: ரிலே ஒட்டியது, ஆனால் மோட்டாருக்குள் மின்சாரம் ஓடவில்லை. ரிலேவின் உள் தொடுமுனை, தடித்த வயர், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் மீது சந்தேகம்.

5. ஒரே ஒரு 'டக்', லைட் ரொம்ப மங்குது: மின்சாரம் ஓடுகிறது, மோட்டார் சுற்ற முடியவில்லை. பேட்டரி பலவீனமாக இருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம் அல்லது எஞ்சினே இறுகியிருக்கலாம்.

6. 'ஊம்... ஊம்' என்று சோம்பலாகச் சுற்றுது: பேட்டரி, எர்த் இணைப்பு, பிரஷ் இந்த வரிசையில் பாருங்கள்.

7. 'விர்ர்ர்' என்று மோட்டார் மட்டும் சுற்றுது, எஞ்சின் அசையவில்லை: மோட்டார் நல்லாத்தான் இருக்கு. ஒன்வே கிளட்ச் அல்லது பல் சக்கரம் தேய்ந்திருக்கிறது. இந்த நிலையில் மோட்டாரை மாற்றினால் காசு வீண்.

8. எஞ்சின் நன்றாகச் சுற்றுது, ஆனா ஸ்டார்ட் ஆகலை: இது செல்ஃப் கோளாறே இல்லை. பெட்ரோல், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் பக்கம் போக வேண்டும்.

9. கையை எடுத்த பிறகும் மோட்டார் சுற்றிக்கிட்டே இருக்கு: ரிலே உள்ளே ஒட்டிக்கொண்டது. சாவியை ஆஃப் செய்தாலும் நிற்காமல் போகலாம். உடனே பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள்.

நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நினைவில் வையுங்கள். கடையில் "டக்குனு மட்டும் சத்தம் வருது" என்று சொல்வதைவிட, "சத்தம் வருது, ஆனா லைட் மங்கலை" என்று சொன்னால் மெக்கானிக்கின் தேடல் பாதியாகக் குறையும்.

ஒரு குறிப்பு: 2017 ஏப்ரல் முதல் புதிய இரு சக்கர வாகனங்களில் ஹெட்லைட் எப்போதும் எரியும்படி வருகிறது. பல மாடல்களில் எஞ்சின் ஓடினால்தான் அது எரியும். அதனால் ஹெட்லைட் எரியவில்லை என்பதை வைத்து பேட்டரி காலி என்று முடிவு செய்ய வேண்டாம். ஹாரன், பிரேக் லைட், இண்டிகேட்டரைப் பாருங்கள்.

2021-ல் நடந்த ரீகால் சொல்லும் பாடம்

எட்டாவது அறிகுறிக்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மீட்டியார் 350, கிளாசிக் 350, புல்லட் 350 ஆகியவை அவை. 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரான இக்னிஷன் காயிலில் குறை இருந்தது. வெளியிலிருந்து வாங்கப்பட்ட பாகம் அது. எஞ்சின் மிஸ்ஃபயர் ஆகலாம், வண்டியின் திறன் குறையலாம், அரிதாக மின் ஷார்ட் ஆகலாம் என்று நிறுவனம் தெரிவித்தது. இந்தியாவோடு தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மலேசியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் விற்ற வண்டிகளும் இதில் அடக்கம்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? இரண்டேகால் லட்சத்துக்கும் மேல் வண்டிகளை அழைத்தாலும், எல்லாவற்றிலும் காயிலை மாற்றப்போவதாக நிறுவனம் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்து, குறை இருந்தால் மட்டும் மாற்றுவோம் என்றது. 10 சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்கே புது பாகம் தேவைப்படும் என்றும் கணித்தது.

வண்டியைச் செய்தவர்களே முதலில் சோதனை, பிறகு மாற்றம் என்றுதான் போகிறார்கள். நாம் மட்டும் ஏன் சோதிக்காமல் மோட்டாரை மாற்ற வேண்டும்?

கருவி எதுவும் இல்லாமல் 5 நிமிடச் சோதனை

படி 1: கில் சுவிட்ச் 'ரன்' பக்கம் இருக்கா? பார்க்கிங்கில் யாராவது விளையாட்டாகத் தட்டிவிட்டிருக்கலாம். சிரிக்காதீங்க, கடைக்குத் தள்ளிப் போன பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் ஏராளம்.

படி 2: சைடு ஸ்டாண்டை முழுசா மேலே எடுங்கள். சேறு காய்ந்து அடைத்திருந்தால் அந்த சுவிட்ச் வேலை செய்யாது. தண்ணீர் ஊற்றித் துடைத்து மறுபடி பாருங்கள்.

படி 3: நியூட்ரல் லைட் எரிகிறதா? எரியவில்லை என்றால் கிளட்ச்சை முழுசாகப் பிடித்து அழுத்திப் பாருங்கள். கிளட்ச் பிடித்தால் எடுக்கிறது, நியூட்ரலில் எடுக்கவில்லை என்றால் நியூட்ரல் சுவிட்ச்தான் காரணம்.

படி 4: சீட்டையோ சைடு பேனலையோ கழற்றி பேட்டரி டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடக் கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் அதுவே மின்சாரத்தைத் தடுக்கும். நெகட்டிவ்வை முதலில் கழற்றி, பிறகு பாசிட்டிவ்வைக் கழற்றி, சுத்தமாகச் சுரண்டித் துடைத்து, பாசிட்டிவ்வை முதலிலும் நெகட்டிவ்வைக் கடைசியிலும் மாட்டுங்கள். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டு ஷார்ட் ஆகும் ஆபத்து உண்டு.

படி 5: மெயின் ஃபியூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் ரிலேவுக்குப் பக்கத்திலேயே இருக்கும், ஸ்பேர் ஃபியூஸும் அங்கேயே இருக்கும். அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். சிகரெட் அட்டை ஃபாயிலையோ வயர் துண்டையோ சுற்றிப் போடுவது வண்டிக்கு நீங்களே தீ வைப்பதற்குச் சமம்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு

சில நூறு ரூபாய்க்கே சாதாரண மல்டிமீட்டர் கிடைக்கும். ரூமில் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். டிசி 20 வோல்ட் அளவில் வையுங்கள்.

முதல் சோதனை, ஓய்வில் இருக்கும் பேட்டரி. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் நல்ல சார்ஜ். 12.2 சுற்றுவட்டம் என்றால் பாதிதான் இருக்கு. 12-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இரண்டாவது சோதனை, பட்டனை அழுத்தும்போது. ஒருவர் மீட்டரைப் பிடிக்க, இன்னொருவர் பட்டனை அழுத்தட்டும். 10 வோல்ட்டுக்கு அருகிலோ மேலோ நின்றால் பேட்டரி தாங்குகிறது. 9.5-க்கும் கீழே சரிந்தால் பேட்டரி சோர்ந்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். ஓய்வில் 12.6 காட்டும் பேட்டரியும் வேலை கொடுத்தவுடன் 7-க்கு விழலாம். அதனால் "வோல்ட் பார்த்தேன், பேட்டரி நல்லாருக்கு" என்பது பாதி உண்மைதான். வேறு நல்ல பேட்டரியை மாட்டியும் இதே மாதிரி விழுந்தால், மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது என்று பொருள்.

மூன்றாவது சோதனை, ரிலே. ரிலேவில் இரண்டு தடித்த முனைகள் இருக்கும். ஒன்று பேட்டரி பக்கம், இன்னொன்று மோட்டார் பக்கம். மீட்டரின் கறுப்பு வயரை பேட்டரி நெகட்டிவ்வில் வையுங்கள். சிவப்பை ரிலேவின் மோட்டார் பக்க முனையில் வைத்து பட்டனை அழுத்துங்கள்.

- 'டக்' கேட்குது, அங்கே 10 வோல்ட்டுக்கு மேல் வருது, ஆனா மோட்டார் அமைதி: மோட்டார் அல்லது அதற்குப் போகும் வயர், எர்த்.
- 'டக்' கேட்குது, அங்கே வோல்ட் இல்லை, பேட்டரி பக்க முனையில் மட்டும் இருக்கு: ரிலே உள்ளே கருகிவிட்டது. ரிலேவை மாற்றினால் போதும். மோட்டாரைவிட ரிலே பல மடங்கு விலை குறைவு.
- 'டக்' சத்தமே இல்லை: சின்னப் பாதையில் தேட வேண்டும்.

நான்காவது சோதனை, எர்த். ரிலேவின் முனையில் வோல்ட் சரியாக வந்தால் இதைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் இன்னொன்றை மோட்டார் உடம்பிலும் வைத்து பட்டனை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பு மோசம். துருப்பிடித்த போல்ட்டைச் சுத்தம் செய்தாலே சில நேரம் 'செத்த' மோட்டார் எழுந்துவிடும்.

ஸ்க்ரூ டிரைவரால் ரிலேவின் இரண்டு முனைகளையும் ஷார்ட் செய்து பார்க்கும் பழக்கம் கடைகளில் உண்டு. அனுபவம் இல்லாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அதில் நியூட்ரல், கிளட்ச் பாதுகாப்பு எதுவும் வேலை செய்யாது. கியரில் இருந்தால் வண்டி பாயும். பெரிய பொறி வரும், பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

மோட்டார்தான் என்று உறுதியானால்?

அப்போதும் புது மோட்டார் மட்டுமே வழி இல்லை. வாரன்டி இருக்கும் வண்டி என்றால் வெளியில் பிரிக்கக் கூடாது, நேராக சர்வீஸ் சென்டர். வாரன்டி முடிந்தது என்றால் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் பிரித்துப் பார்க்கச் சொல்லலாம். உள்ளே என்ன பார்ப்பார்கள்?

கார்பன் பிரஷ்: மோட்டாரில் தேய்வதற்கென்றே இருக்கும் பாகம் இது. பென்சில் முனை தேய்வது போலத் தேய்ந்து, ஸ்பிரிங் அழுத்தம் குறைந்து, மின்சாரம் விட்டு விட்டுப் போகும். சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது என்றால் இதன் மீதுதான் முதல் சந்தேகம். மோட்டாரின் மேல் ரப்பர் கைப்பிடியால் லேசாகத் தட்டியதும் எடுத்தால் சந்தேகம் வலுக்கும். ஓங்கி அடிக்கக் கூடாது, உள்ளே இருக்கும் காந்தம் உடைந்துவிடும். பிரஷ் செட்டை மட்டும் மாற்றினாலே பல மோட்டார்கள் மறுபடி ஓடும்.

கம்யூட்டேட்டர்: பிரஷ் உரசும் செம்புப் பட்டைகள். கருத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் கார்பன் தூளைச் சுத்தம் செய்ய வேண்டும். எமரி தாள் வேண்டாம், அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தக்கூடும்.

ஆர்மேச்சர்: மீட்டரில் கன்டின்யூட்டி வைத்துப் பார்த்தால், ஒரு செம்புப் பட்டைக்கும் அடுத்ததுக்கும் இணைப்பு இருக்க வேண்டும். பட்டைக்கும் நடு ஷாஃப்ட்டுக்கும் இணைப்பு இருக்கவே கூடாது. இருந்தால் காயில் ஷார்ட். கருகிய வாடை வந்தாலும் அதேதான். இந்த நிலையில் ரீவைண்டிங் அல்லது புது மோட்டார்.

ஆயில் சீல், ஓ-ரிங்: எஞ்சின் ஆயில் உள்ளே கசிந்திருந்தால் பிரஷ் ஊறிப் போயிருக்கும். பிரஷை மட்டும் மாற்றி சீலை விட்டால், சில மாதத்தில் மறுபடி கடை வாசல்தான்.

திரும்ப மாட்டும்போது மோட்டார் உட்காரும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும். பல பைக்குகளில் மோட்டாருக்கு எர்த் கிடைப்பது அந்த உடம்பு வழியாகத்தான்.

எல்லா வண்டிக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. 2020-ல் வந்த ஹோண்டா ஆக்டிவா 6ஜி, 2021-ல் வந்த யமஹா ஃபசினோ 125 ஹைப்ரிட் போன்ற ஸ்கூட்டர்களில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை. கிராங்க்கோடு இணைந்திருக்கும் ஜெனரேட்டரே மோட்டாராகவும் வேலை செய்கிறது. பல் சக்கரம் கடிக்கும் சத்தம் இல்லாமல் 'சைலன்ட்'டாக ஸ்டார்ட் ஆவது அதனால்தான். இவற்றில் பிரஷ், ஒன்வே கிளட்ச் தேடிப் பயனில்லை. பேட்டரி, டெர்மினல், ஃபியூஸ் மூன்றையும் பார்த்த பிறகும் எடுக்கவில்லை என்றால் சர்வீஸ் சென்டரில் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மழைத் தண்ணீரில் மூழ்கினால்?

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில்தான் செம்பரம்பாக்கம் ஏரி. 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையும் இந்தப் பக்கத்து மக்களுக்கு மறக்காது. தண்ணீரில் நின்ற வண்டியைக் கண்டதும் எல்லாரும் செய்யும் முதல் தவறு, "எடுக்குதா பார்ப்போம்" என்று பட்டனை அழுத்துவது.

செய்யாதீங்க! சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்போ மோட்டார் செலவு இல்லை, எஞ்சின் செலவு. பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு, தள்ளிக்கொண்டு போய், ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். மோட்டாரையும் பிரித்துக் காய வைக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு ஓடினாலும், உள்ளே துரு பிடித்து இரண்டு மாதம் கழித்து நிற்கும்.

ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு, இப்போ என்ன செய்ய?

தள்ளி ஸ்டார்ட்: கியர் வண்டி என்றால் சாவி ஆன், இரண்டாவது கியர், கிளட்ச் பிடித்துத் தள்ளி, வேகம் வந்ததும் கிளட்ச்சை விடுங்கள். எஃப்ஐ வண்டியில் பெட்ரோல் பம்ப் ஓடவே பேட்டரி வேண்டும் என்பதால், பேட்டரி முழுசா காலி என்றால் இது பலிக்காது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இது முடியாது. முக்கியமாக, டிரெய்லர் லாரிகள் ஓடும் மெயின் ரோட்டில் இதைச் செய்ய வேண்டாம். உள் தெருவில் மட்டும்.

ஜம்ப் ஸ்டார்ட்: நண்பரின் 12 வோல்ட் பைக் போதும். அவர் வண்டி ஆஃபில் இருக்கட்டும். பாசிட்டிவ்வுக்குப் பாசிட்டிவ் முதலில். பிறகு நல்ல பேட்டரியின் நெகட்டிவ்விலிருந்து உங்க வண்டியின் எஞ்சின் இரும்புக்கு. ஸ்டார்ட் ஆனதும் தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள்.

எப்படி முயன்றாலும் ஒரு தடவைக்கு 5 நொடிக்கு மேல் பட்டனை அழுத்த வேண்டாம். அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிஷமாவது இடைவெளி விடுங்கள்.

மறுபடி வராமல் இருக்க...

ரூமில் இருந்து ஆலைக்கு நாலைந்து கிலோமீட்டர்தான் என்றால், ஸ்டார்ட் செய்ய எடுத்த சார்ஜ் முழுசா திரும்பி ஏறுவதற்குள் வண்டியை ஆஃப் செய்துவிடுகிறோம். எட்டு மணி நேரம் வெயிலில் நிற்பதும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள்.

பொங்கல், தீபாவளிக்கு இரண்டு வாரம் ஊருக்குப் போகிறீர்களா? பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

கூடுதல் லைட், அலாரம், மொபைல் சார்ஜர் மாட்டியிருந்தால், வயரை எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வண்டி ஆஃப் ஆன பிறகும் சார்ஜை உறிஞ்சுவது பல நேரம் இவைதான்.

எஞ்சின் ஓடும்போது, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் சார்ஜிங்கில் கோளாறு. புது பேட்டரி போட்டாலும் அது சீக்கிரம் படுத்துவிடும்.

கடையில் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. பேட்டரியை லோடு கொடுத்துச் சோதித்தீங்களா?
2. ரிலேவின் மோட்டார் பக்கம் வோல்ட் வருதா?
3. மோட்டார்தான்னா, பிரஷ் மட்டும் மாற்றினா போதுமா?
4. கழற்றிய பழைய பாகத்தைக் கொடுப்பீங்களா, பில் உண்டா?

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார், மீட்டரை வைத்துக் காட்டுவார். மாற்றாத பாகத்துக்குப் பணம் வாங்கியதாகத் தெரிந்தால், பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம்.

மொத்தத்தில், செல்ஃப் எடுக்கலைன்னா முதல் சந்தேகம் பேட்டரி, அடுத்து இணைப்புகள், அதற்கடுத்து சுவிட்ச், ரிலே. மோட்டாருக்குக் கடைசி இடம்தான். அடுத்த முறை அந்த 'டக்' கேட்டால், பதறி மறுபடி மறுபடி அழுத்தாதீங்க. லைட் மங்குதா, மங்கலையா? அதை மட்டும் பாருங்கள். அங்கிருந்தே விடை ஆரம்பிக்கும்.